புது மிஷினால் வந்த வினை! 3 நாள் தவித்தது தைவான் 'சிப்' தொழிற்சாலை

புது மிஷின் ஒன்று வந்து இறங்கியது. ஊழியர்கள் அதற்கு சாப்ட்வேர் ஏற்றி, வயரை மாட்டினார்கள். அவ்வளவுதான்! ஓடிக்கொண்டிருந்த மற்ற மிஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன.

இது நடந்தது தைவான் நாட்டில். 2018-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி.

செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் 'சிப்' தயாரிக்கும் டி.எஸ்.எம்.சி. என்ற மிகப்பெரிய நிறுவனம் அது. ஆப்பிள் செல்போனுக்கு 'சிப்' போவதும் இங்கிருந்துதான்.

ஊர் ஊராகப் பரவியது

மிஷின்களில் உள்ள கம்ப்யூட்டர்கள் தானாக நின்றன. சில, திரும்பத் திரும்ப அணைந்து எரிந்தன. சிஞ்சு, தைச்சுங், தைனான் என 3 ஊர்களில் உள்ள ஆலைகளுக்கும் பரவிவிட்டது.

யாரோ திட்டம் போட்டுத் தாக்கவில்லை. புது மிஷினிலேயே வைரஸ் இருந்திருக்கிறது. வைரஸ் சோதனை செய்த பிறகே வயரை மாட்டவேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அன்று அதைச் செய்யவில்லை.

எல்லாம் சீராக 6-ந் தேதி ஆகிவிட்டது. அந்த 3 மாத வருமானத்தில் சுமார் 3 சதவீதம் அடிபடும் என்று நிறுவனமே அறிவித்தது.

ஒரகடத்திலும்...

வந்தது 'வான்னாகிரை' வைரசின் மறு அவதாரம். அசல் வைரஸ் 2017-ம் ஆண்டு மே 12-ந் தேதி கிளம்பி, 150 நாடுகளைக் கலக்கியது. கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு, "300 டாலர் எடு" என்று கேட்டது. சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் தொழிற்சாலையும் அப்போது தப்பவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஓட்டையை அடைக்கும் 'பேட்ச்'சை மைக்ரோசாப்ட் அதற்கு 2 மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

ஊரே அலறிய பிறகும் ஜூனில் ஜப்பானின் ஹோண்டா கம்பெனி சிக்கியது. சயாமா ஆலை 19-ந் தேதி ஒரு நாள் முழுக்க மூடிக்கிடந்தது. தினம் சுமார் 1,000 கார் இறங்கும் ஆலை!

ஏன் போடுவதில்லை?

சோம்பேறித்தனம் மட்டும் காரணம் அல்ல. மிஷினுக்கு ஆயுள் 20, 30 வருஷம். அதை ஓட்டும் கம்ப்யூட்டருக்கு மைக்ரோசாப்ட் துணை நிற்பது பத்துப் பன்னிரண்டு வருஷம். 'விண்டோஸ் எக்ஸ்.பி.'க்கு 2014-லும், 'விண்டோஸ் 7'-க்கு 2020-லும் கை கழுவிவிட்டார்கள். மிஷினோ கல் மாதிரி ஓடுகிறது!

புது விண்டோஸ் போட்டால் மிஷினின் சாப்ட்வேர் ஓடாமல் போகலாம். மிஷின் செய்த கம்பெனியே மூடியிருக்கலாம். ஷிப்டை நிறுத்தவும் மனசு வராது. "ஓடுற மிஷினை எதுக்குத் தொடணும்?" என்பதுதான் சூப்பர்வைசர்களின் பேச்சு. அதில் நியாயமும் இருக்கிறது.

தனி வீடு

மாற்ற முடியாத கிழட்டுக் கம்ப்யூட்டரைத் தனியாகக் குடிவைக்கிறார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரோடும் இன்டர்நெட்டோடும் அதற்குப் பேச்சு கிடையாது. பேசித்தான் ஆகவேண்டும் என்றால் நடுவில் 'பயர்வால்' என்ற காவல்காரன். குறிப்பிட்ட புரோகிராமைத் தவிர வேறு எதுவும் ஓடாதபடி பூட்டுவதும் உண்டு.

மிஷின் புரோகிராம்களுக்கு ஒரு நகல் எடுத்து, வயரில் மாட்டாமல் பீரோவில் வைப்பது செலவில்லாத வேலை. சி.என்.சி. மிஷின் வைத்திருக்கும் சின்ன ஒர்க்‌ஷாப்காரரும் செய்யலாம். கம்ப்யூட்டர் போனாலும் அந்த நகலை வைத்து மிஷினை எழுப்பலாம்.

ரிப்பேருக்கு வருகிறவர் கொண்டுவரும் லேப்டாப்பும், பென் டிரைவும்தான் பெரிய தலைவலி. காலையில் ஒரு ஆலை, மாலையில் இன்னொரு ஆலை என்று சுற்றிவருபவை அவை. அதனால் சில ஆலைகளில் வாசலிலேயே வாங்கி, தனிக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். மிஷினில் பென் டிரைவ் சொருகும் ஓட்டைக்கே குட்டிப் பூட்டு போட்டவர்களும் உண்டு. சாவி மேனேஜரின் மேஜை டிராயரில்!