ஃபைபர் படகின் பளபளப்பு எங்கே போகிறது?

மணல்மேட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கும் ஃபைபர் படகுகளைக் கடற்கரையில் பார்த்திருப்பீர்கள். புதுப் படகின் நீலமும் சிவப்பும் கண்ணைப் பறிக்கும். சில கோடைகளைக் கண்ட படகோ வெளிறிக் கிடக்கும். தடவினால் உள்ளங்கையில் மாவு ஒட்டும். பெயின்ட் உதிர்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் பெரும்பாலான ஃபைபர் படகுகள் புதிதாக வரும்போது அவற்றில் பெயின்டே இருப்பதில்லை.

ஃபைபர் படகை வெளிப்புறத்திலிருந்து உட்புறமாகக் கட்டுகிறார்கள். நன்றாக மெருகேற்றிய அச்சின் உட்பக்கத்தில் முதலில் மெழுகு தேய்ப்பார்கள். அதன்மேல் நிறமி கலந்த பாலியெஸ்டர் ரெசினைச் சுமார் அரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசுவார்கள். இதன் பெயர் ஜெல்கோட். இது இறுகத் தொடங்கிய பிறகே கண்ணாடி இழையும் ரெசினும் அடுக்கடுக்காக ஏறும். அச்சைக் கழற்றும்போது முதலில் பூசிய ஜெல்கோட்டே படகின் வெளித்தோலாக வந்து நிற்கிறது. அச்சின் வழவழப்புதான் படகின் பளபளப்பு.

வழவழப்பான பரப்பில் பட்ட ஒளி ஒரே திசையில் ஒழுங்காகத் திரும்பும். பரப்பு கரடானால் நாலாபக்கமும் சிதறும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான்தான். அதனால் ஒரு மைக்ரான் ஆழக் குழிகளே பளபளப்பைக் கெடுக்கப் போதும். சிதறிய வெள்ளொளி நிறத்தோடு கலந்துவிடுவதால் கருநீலப் படகுகூடச் சாம்பல் பூத்துத் தெரிகிறது.

கரடாக்குவது வெயில். 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரில் மோலுக்கு ஏறத்தாழ 400 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது. கார்பன் அணுக்கள் இரண்டைச் சேர்த்துவைக்கும் ஒற்றைப் பிணைப்பை முறிக்க 350 கிலோஜூல் அளவே தேவை. கதிர் பிணைப்பை அறுக்க, காற்றின் ஆக்சிஜன் அந்த இடத்தில் புகுந்துகொள்ள, ரெசின் மேலடுக்கில் மெல்லச் சிதைகிறது. பற்றிக்கொள்ள ரெசின் இல்லாத நிறமித் துகள்தான் கையில் ஒட்டும் மாவு.

சேதம் எவ்வளவு என்று அறிய எளிய வழி உண்டு. மங்கிய இடத்தைத் தண்ணீரால் நனைத்துப் பாருங்கள். நிறம் பழையபடி ஒளிர்ந்தால், நுண்குழிகளைத் தண்ணீர் நிரப்பிவிட்டது என்று பொருள். அடியில் நல்ல ஜெல்கோட் இருக்கிறது. நனைத்தும் இழையின் தடம் தெரிந்தால் ஜெல்கோட் தேய்ந்துபோயிற்று. பாலிஷால் பயனில்லை, புதிதாக ஜெல்கோட்டோ பெயின்டோ பூசத்தான் வேண்டும்.

மெருகை மீட்பது என்றால் கெட்ட மேலடுக்கைத் தேய்த்து எடுப்பதுதான். முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவ வேண்டும். மணலோ உப்புப் பொருக்கோ மிச்சமிருந்தால் புதுக் கீறல் விழும். மங்கல் லேசாக இருந்தால் ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் போதும். அதிகமாக இருந்தால் 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டு வரிசையாகத் தேய்த்துவிட்டு அவற்றுக்கு வரலாம். ஒவ்வொரு படியும் முந்திய படியின் கீறலை இன்னும் நுண்ணிய கீறலாக மாற்றுகிறது. பஃபிங் இயந்திரத்தை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் சூட்டில் ஜெல்கோட் கருகும். வேலையை நிழலில் செய்யுங்கள், முகக்கவசம் கட்டாயம்.

ஒவ்வொரு மீட்பும் அந்த அரை மில்லிமீட்டரிலிருந்து கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது. ஜெல்கோட் சேமிப்புப் பணம் மாதிரி. ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் தீர்ந்துவிடும். தீர்ந்தபின் தண்ணீர் இழை வழியே உள்ளே ஊறும். ரெசின் சிதைந்து கொப்புளம் கிளம்புவதும் உண்டு.

ஆகவே மீட்டதும் மெழுகிட வேண்டும். இதற்குப் புகழ்பெற்றது கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுப்பது. உருகுநிலை 80 டிகிரி செல்சியசுக்கு மேல் என்பதால் நம் வெயிலில் உருகி ஓடாது. ஆனாலும் உப்பும் மழையும் கடுமையான சோப்பும் அதை நாளடைவில் அகற்றிவிடும். மேலே தெளித்த தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் பரவினால், அடுத்த பூச்சுக்கு நேரமாகிவிட்டது.

மெழுகைவிட மலிவான காப்பு நிழல். கரையேறிய படகை நல்ல தண்ணீரால் கழுவி, ஒரு கொட்டகையோ தார்ப்பாயோ போட்டு வையுங்கள். வாட்டர் பேப்பரைக் கையில் எடுப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும்.