மலைச்சாலையும் மறைந்திருக்கும் தண்டும்

சேலத்திலிருந்து ஏர்க்காட்டிற்குச் சென்றவர்கள் அந்தச் சாலையை எளிதில் மறக்கமாட்டார்கள். அடிவாரத்தைக் கடந்ததும் ஒரு கொண்டை ஊசி வளைவு. அதன் பின் இன்னொன்று. இவ்வாறு இருபது வளைவுகள். சேலம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏர்க்காடோ சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. முப்பது கிலோமீட்டர் பயணத்தில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். ஏறிய உயரம் முழுவதையும் திரும்பும்போது இறங்கியாக வேண்டும்.

சமதரையில் பல ஆண்டுகள் குறையின்றி ஓடியதாகத் தோன்றும் பழைய மோட்டார் சைக்கிளின் மெய்யான நிலையைச் சேர்வராயன் மலை ஒரே நாளில் வெளிப்படுத்திவிடும். அத்தகைய வண்டியின் பின்பகுதியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நம் நாட்டில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் என்ஜினின் சக்தியைப் பின்சக்கரத்திற்குக் கொண்டு செல்வது சங்கிலியே. 1955 முதல் சென்னையில் உருவான புல்லட் வண்டியும் சங்கிலி வண்டிதான். ஆனால் வேறொரு முறையும் உண்டு. சங்கிலிக்குப் பதிலாக ஓர் எஃகுத் தண்டு சுழன்று சக்தியைக் கொண்டு செல்லும். 1923-இல் மாக்ஸ் ஃபிரிஸ் வடிவமைத்த பி.எம்.டபிள்யூ. ஆர் 32, பிற்காலத்து ஆங்கிலேயச் சன்பீம் எஸ் 7, ரஷ்ய எம் 72 ஆகியவை தண்டு வண்டிகளே. பம்பாயில் 1950-களில் சேர்த்து அமைக்கப்பட்ட லாம்பிரெட்டா எல்.டி. ஸ்கூட்டரும் இவ்வினத்தைச் சேர்ந்ததுதான். இவற்றுட் சிலவற்றை ஆர்வலர்கள் இன்றும் பேணி ஓட்டி வருகிறார்கள்.

சங்கிலி தன் குறையை மறைப்பதில்லை. தளர்ந்தால் தொங்கும்; உலர்ந்தால் ஓசையிடும்; தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். தண்டோ உறைக்குள் மறைந்திருக்கிறது. தூசியும் சேறும் அதை எளிதில் அணுகா. இது அதன் சிறப்பு. ஆனால் அதே காரணத்தால் அது மறக்கப்பட்டும் போகிறது.

இதன் அமைப்பைச் சிறிது காண்போம். தண்டின் பின்முனையில் ஒரு சிறிய பற்சக்கரம் உண்டு. அது பெரியதொரு பற்சக்கரத்தோடு செங்கோணத்தில் இணைந்து சுழற்சியைச் சக்கரத்திற்குத் திருப்பிவிடுகிறது. இவ்விரண்டும் எண்ணெய் நிரம்பிய பெட்டிக்குள் இயங்குகின்றன. கியர்ப் பெட்டி வண்டியின் சட்டத்தில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கிறது. பின்சக்கரமோ பள்ளம் மேடுகளுக்கேற்ப ஏறி இறங்குகிறது. ஆகவே, சுழன்றுகொண்டே வளையக்கூடிய மூட்டு ஒன்று தண்டிற்குத் தேவைப்படுகிறது. அதுவே யுனிவர்சல் ஜாயிண்ட். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய அறிஞர் கார்டானோ, 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலேய அறிஞர் ஹூக் ஆகிய இருவர் பெயராலும் இம்மூட்டு வழங்கப்படுகிறது. தண்டும் வில்லும் இவ்வாறு உறவு பூண்டவை. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பேணுதல் இயலாது.

முதற்கடமை எண்ணெயைக் கவனிப்பது. வண்டி சிறிது ஓடி எண்ணெய் சூடான பின்னர் பழைய எண்ணெயை வடித்தால் கசடும் உடன் வெளியேறும். வடித்ததை அப்படியே கொட்டிவிடாமல் உற்று நோக்குங்கள். சாம்பல் நிறப் பசைபோலச் சிறிது படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். பளபளக்கும் உலோகச் சில்லுகள் இருந்தால் பற்களோ பேரிங்கோ உடையத் தொடங்கிவிட்டன என்று பொருள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. மழையும் மூடுபனியும் மிகுந்த மலைநாட்டில் இக்குறை அரிதன்று.

எந்த எண்ணெய், எவ்வளவு என்பதை அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எஃகுப் பற்களுக்கு ஏற்ற கியர் ஆயில்களுள் சில, சன்பீமில் உள்ளதுபோன்ற வெண்கலப் பற்சக்கரத்தை அரித்துவிடக்கூடும். அளவிற்கு மேல் ஊற்றுவதும் தீங்கே. ஏன் தெரியுமா? மலை இறங்கும்போது பின்பிரேக் சூடேறுகிறது. அச்சூடு அருகிலுள்ள பற்சக்கரப் பெட்டிக்கும் பரவுகிறது. உள்ளிருக்கும் காற்று விரிகிறது. அக்காற்று வெளியேறுவதற்கென்றே பல வண்டிகளில் ஒரு சிறு மூச்சுத்துளை வைத்திருக்கிறார்கள். அது சேற்றால் அடைபட்டு, எண்ணெயும் மிகுந்திருந்தால், அழுத்தம் ஆயில் சீலைத் தாண்டி எண்ணெயை வெளியே தள்ளுகிறது. வெளியேறிய எண்ணெய் எங்கே செல்லும்? அடுத்திருக்கும் பிரேக் டிரம்மிற்குள் செல்லும். எண்ணெய் ஊறிய பிரேக் பிடிக்காது. பிரேக் மிகவும் தேவைப்படும் இறக்கத்திலேயே அது கைவிட்டுவிடுகிறது! மூச்சுத்துளையைத் துடைத்துவைப்பது ஒரு நிமிட வேலை. அதை மறந்ததன் விலை ஓர் உயிராகவும் இருக்கலாம். சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய்க் கசிவைக் கண்டால், சீலை மாற்றாமல் மலை ஏறாதீர்கள்.

பஞ்சர் ஒட்டுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றும்போது, அது தண்டுப் பெட்டியோடு இணையும் பல்வரிசையையும் பாருங்கள். அங்கே செந்நிறத் துருப்பொடி இருந்தால் கிரீஸ் உலர்ந்துவிட்டது. துடைத்துப் புதுக் கிரீஸ் தடவுங்கள். அப்பற்கள் முற்றிலும் தேய்ந்து மழுங்கினால் என்ஜின் ஓடும், சக்கரம் சுழலாது.

இனி வில்லைக் காண்போம். சுருள்வில் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஏற்றதைத் திருப்பியும் தருகிறது. அவ்வாறு துள்ளும் சக்தியை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. அதனுள் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளப்படும்போது, துள்ளலின் சக்தி வெப்பமாக மாறிவிடுகிறது. வண்டியின் பின்பகுதியை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை எழுந்து அமைதியடைந்தால் நலம். ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டிருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது. துள்ளும் சக்கரம் தரையைத் தொடாத கணத்தில் பிரேக்கும் பயன்படாது. அடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஸ்விங் ஆர்ம் சுழலும் இடத்தில் ஆட்டம் தெரிந்தால், அங்குள்ள பேரிங்கைச் சரிசெய்ய வேண்டும். இல்லையேல் வளைவில் முன்சக்கரம் ஒரு வழியும் பின்சக்கரம் வேறு வழியும் நாடும்.

தண்டு வண்டிகளுக்கே உரிய இயல்பு ஒன்று உண்டு. வேகத்தைக் கூட்டும்போது சிறிய பற்சக்கரம் பெரியதன்மேல் ஏற முயல்கிறது. வண்டியின் பின்பகுதி சற்று உயர்கிறது. வேகத்தைச் சட்டென்று குறைத்தால் பின்பகுதி தாழ்கிறது. கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது இவ்வாறு தாழ்ந்தால், அடிப்பாகம் தரையில் உரசக்கூடும். ஆகையால் வளைவிற்கு முன்பே வேகத்தைத் தணித்து, வளைவிற்குள் ஒரே சீராகச் செல்ல வேண்டும்.

காதும் ஒரு நல்ல கருவியே. ஏறும்போது பற்களின் ஒரு முகம் பாரத்தைத் தாங்குகிறது. கீழ்க் கியரில் இறங்கும்போது சக்கரமே என்ஜினைச் சுழற்றுவதால் பற்களின் மறுமுகம் தாங்குகிறது. பாரம் முகம் மாறும் ஒவ்வொரு முறையும் ‘டொக்’ என்று ஓங்கிய ஓசை எழுந்தால், மூட்டோ பற்களோ தேய்ந்துள்ளன. நாளுக்கு நாள் அவ்வோசை வளர்கிறதா என்று கவனியுங்கள்.

மாணவர்களே! பாடநூலில் நீங்கள் படிக்கும் உராய்வும் வெப்பமும் அழுத்தமும் இந்தச் சிறு பெட்டிக்குள் ஒன்றுகூடி வேலை செய்கின்றன. வீட்டிலோ தெருவிலோ இத்தகைய பழைய வண்டி ஒன்று இருந்தால், அடுத்த முறை அதன் உரிமையாளர் மலைக்குப் புறப்படும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “பின்பெட்டியின் எண்ணெயைப் பார்த்தீர்களா?” அவர் புறப்படுவதைச் சற்றுத் தாமதித்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்து பார்ப்பாரானால், உங்கள் கேள்வி பயன் தந்துவிட்டது.