கொத்துப்பட்ட கோழியும் பஞ்சாரமும்

நாலைந்து கோழி வளர்க்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். காலையில் கூண்டைத் திறந்தால் ஒரு கோழி மட்டும் மூலையில் ஒடுங்கி நிற்கும். முதுகில் இறகு இருக்காது, வாலடியில் ரத்தம். "இனிமே தேறாது, அறுத்துருங்க" என்பதுதான் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் முதல் ஆலோசனை. கறிக்காக வளர்ப்பவருக்கு அது சரியாக இருக்கலாம். மதுரை மாதிரி ஊரில் மொட்டை மாடியிலும் கொல்லையிலும் பேர் வைத்து வளர்ப்பவர்களுக்கு மனசு வராது.

நல்ல செய்தி என்னவென்றால், கோழித்தோல் ஆச்சரியமான வேகத்தில் ஆறும். உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆறிய கோழியைத் திரும்பக் கூட்டத்தில் விட்டால், பழைய தோழிகளே அதை அந்நியனாக நினைத்து மறுபடி கிழிப்பார்கள். அதனால் பிரித்து வைக்கவும் வேண்டும், முழுசாகப் பிரிக்கவும் கூடாது.

கொத்து மூன்று வகை

முதலாவது, அதிகாரக் கொத்து. நார்வேக்காரர் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எபே சின்ன வயசிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தவர். 1922-ல் அவர் ஜெர்மனில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் 'கொத்து வரிசை' என்ற கருத்து உலகம் முழுக்கப் பரவியது. யார் யாரைக் கொத்தலாம் என்று கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. வரிசை முடிவானதும் பெரும்பாலும் ஒரு முறைப்பிலேயே விஷயம் முடிந்துவிடும். இந்தக் கொத்து தலையிலும் கொண்டையிலும் விழும்.

இரண்டாவது, இறகுக் கொத்து. இதில் கோபமே கிடையாது. தரையைக் கிளறித் தீனி தேடும் பழக்கம் இடம் மாறி அடுத்த கோழியின் இறகுமேல் திரும்புகிறது என்பது 1986-ல் டச்சு ஆய்வாளர் ஹாரி ப்ளோகுயிஸ் முன்வைத்த விளக்கம். சிமெண்டுத் தளத்தில் கிளற மண் இல்லாத மாடிக்கோழிகளுக்கு இது அப்படியே பொருந்தும். அடையாளம்: முதுகும் வால் அடியும் மொட்டையாகும்.

மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது: ரத்தக் கொத்து. எப்படித் தொடங்கினாலும் சரி, தோல் கிழிந்து சிவப்பு தெரிந்துவிட்டால் மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். முட்டையிட்ட உடனே எச்சத்துவாரம் சிவந்து லேசாக வெளியே தெரியும். அங்கே ஆரம்பித்தால் சில மணி நேரத்தில் குடல் வரை போய்விடும்.

நம் கண்ணில் நிறத்துக்கு மூன்று வகைக் கூம்பு செல்கள். கோழிக்கு நான்கு. அதன் கண்ணுக்கு ஒரு சொட்டு ரத்தமும் எடுப்பாகத் தெரியும். கோழிக்கு மூக்குக்கண்ணாடி மாட்டும் யோசனைக்கு 1903-ல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஜாக்சன் என்பவர் காப்புரிமையே வாங்கினார். அது கண்ணைக் கொத்திலிருந்து காப்பாற்ற. பின்னால் சிவப்புக் கண்ணாடி போட்ட வகையும் விற்பனைக்கு வந்தது. எல்லாமே சிவப்பாகத் தெரிந்தால் ரத்தம் தனியாகத் தெரியாது என்பது கணக்கு.

முதல் நாள்

கோழியை உடனே எடுத்துவிடுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். காயத்தைச் சுற்றியுள்ள இறகைப் பிடுங்காமல் கத்தரியுங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு போட்டுக் கழுவலாம். போவிடோன் அயோடின் திரவம் இருந்தால் வெளிர் டீ நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து ஊற்றலாம். மஞ்சளும் வேப்பெண்ணெயும் நம் வீடுகளின் வழக்கம். மேலோட்டமான காயத்துக்கு மெல்லிசாகத் தடவலாம், இறகெல்லாம் ஊறும்படி பூசக் கூடாது.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பறவைக்குச் சீழ் நீராக வடியாது. பனீர் மாதிரி கெட்டியாகத் தோலுக்கு அடியில் தங்கும். "ஒண்ணும் வடியலையே" என்று நிம்மதியாகிவிட முடியாது, வீக்கத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு, ஈ. மதுரை வெயிலில் ஈ வைத்த முட்டை ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள். ஈ விரட்டும் களிம்பும் ஸ்பிரேயும் கால்நடை மருந்துக்கடையில் கிடைக்கும்.

மனிதர்களுக்கான வலி மாத்திரையை நாமாகக் கொடுக்கவே கூடாது. டைக்ளோஃபெனாக் கொடுத்த மாடுகளின் சடலத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. அதனால்தான் 2006-ல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். சதை தெரியும் ஆழமான காயம், எச்சத்துவாரக் காயம், புழு, தீனி எடுக்காமல் தூங்கி விழுவது — இதில் எது இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

எங்கே வைப்பது?

பொதுவாக அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குள்ளே வைத்துவிடுவார்கள். முதல் ஓரிரு நாள் அதிர்ச்சி தீர அது நல்லது. அதையே மூன்று வாரம் நீட்டினால் பிரச்சனை. கோழிகள் ஒன்றையொன்று முகம் பார்த்து நினைவில் வைத்திருக்கின்றன, ஆனால் அந்த நினைவு நிரந்தரம் இல்லை. இரண்டு மூன்று வாரம் கண்ணில் படாமல் இருந்தால் அழிந்துவிடும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் கேஷ் எக்ஸ்பயர் ஆகிவிடுகிறது. திரும்பி வரும் கோழி வரிசையின் கடைசியிலிருந்து சண்டை போட்டு ஏற வேண்டும், அதுவும் பலவீனமான உடம்போடு.

முகம் என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவின் கான்சாஸில் குல், ஆர்ட்மன் இருவரும் கோழிகளின் தோற்றத்தைப் பகுதி பகுதியாக மாற்றிப் பார்த்து 1953-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். உடம்பை மாற்றியதைவிடத் தலையையும் கழுத்தையும் மாற்றியபோதுதான் அடையாளம் குழம்பியது. ஆகவே தலைக்காயத்துக்கு மருந்து தேவையான அளவு மட்டும். முகமே மாறும்படி அப்பினால் கூட்டத்துக்கு அது புதுக்கோழி.

இதற்குத் தீர்வு நம்மூரிலேயே இருக்கிறது: பஞ்சாரம். மூங்கிலில் பின்னிய அந்தக் கவிழ்ப்புக்கூடைக்குள் காற்று வரும், உள்ளே இருப்பது வெளியே தெரியும், அலகு மட்டும் எட்டாது. மூன்றாம் நாளிலிருந்து பகலில் காயம்பட்ட கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மற்றவை மேயும் இடத்திலேயே நிழலில் வையுங்கள். உள்ளே ஒரு தீனித் தட்டு, வெளியே பக்கத்திலேயே ஒரு தட்டு. சேர்ந்து தின்றால் முகம் மறக்காது. இடைவெளி பெரிசாக இருந்தால் காயம் ஓரத்தில் படாதபடி உள்பக்கம் வலை கட்டலாம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் கூடைக்குள் தண்ணீர் இல்லாமல் இருக்கக் கூடாது.

தீனியும் இறகும்

இறகில் கிட்டத்தட்ட 90 சதவீதம் புரதம். அரிசியில் இருப்பது 7, 8 சதவீதம்தான். வெறும் அரிசியும் மிச்சச் சோறும் தின்கிற கோழிக்கு இறகு முளைப்பது தாமதமாகும். இறகுக்கு முக்கியமாக வேண்டியது கந்தகம் உள்ள மெத்தியோனின், சிஸ்டீன் அமினோ அமிலங்கள். கடலைப் புண்ணாக்கில் புரதம் நிறைய இருந்தாலும் மெத்தியோனின் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் அது நன்றாக உண்டு. உப்பில்லாத கருவாட்டுத் தூளும் கறையானும் இன்னும் நல்லது. மண்பானைக்குள் சாணியும் சாக்கும் போட்டுக் கவிழ்த்து வைத்துக் கறையான் பிடித்துக் குஞ்சுகளுக்குப் போடும் கிராமத்து வழக்கம் வெறும் சிக்கனம் இல்லை, சரியான ஊட்டச்சத்து அறிவு.

வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரத்தில் முளைக்கும். பாதியில் ஒடிந்தது அடுத்த இறகுதிர்வு வரை அப்படியே நிற்கும். புதுசாக முளைக்கும் குருத்திறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும், கொத்தினால் கொட்டும். காயம் ஆறியது போலத் தெரிகிற இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு விட்டால் கதை மறுபடி முதலிலிருந்து.

திரும்பச் சேர்ப்பது

தோல் மூடி, சிவப்பு மறைந்து, குருத்து விரிந்த பிறகு முதலில் சாதுவான ஒரே ஒரு கோழியோடு விடுங்கள். பிறகு எல்லாவற்றோடும் மாலையில் ஒரு மணி நேரம். தீனித் தட்டு இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும். தொங்கவிட்ட கீரைக்கட்டு, கிளற ஒரு மண் தொட்டி, ஒளிய ஒரு பலகை இருந்தால் அலகுக்கு வேறு வேலை கிடைக்கும். முட்டையிடும் இடம் இருட்டாக இருக்கட்டும். பெருவிடையையும் சிறுவிடையையும் குறுகிய கூண்டில் சேர்த்து அடைப்பதைத் தவிர்க்கலாம், கட்டுச்சேவல் ரத்தம் அது.

கொத்துவது ஒரே ஒரு கோழிதான் என்று உறுதியாகத் தெரிந்தால் விதியைத் திருப்பிப் போடுங்கள். அதைக் கண்காணாத இடத்தில் சில நாள் அடைத்துவிட்டு, அடிபட்டதைக் கூட்டத்தில் விடுங்கள். ராணி திரும்பி வரும்போது நாற்காலியில் வேறு ஆள் இருப்பார்கள்.