துணி அச்சுக்குரிய பாசிட்டிவ்: இயந்திரமும் மையும் பிலிமும்

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை விதிக்கப்பட்டதும், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பெற்றதும் அங்கத்தினர்கள் அறிந்தவையே. துணிப்பைக்கு ஏற்பட்டுள்ள கிராக்கி நெசவாளர் சங்கங்களுக்குப் புதிய வேலையைக் கொடுத்திருக்கிறது. கல்யாண வீட்டார் தாம்பூலப் பைக்கும், விளைபொருள் விற்கும் சங்கத்தார் மஞ்சள், பருப்பு முதலியன நிறுத்துக் கொடுக்கும் பைக்கும் பெயரும் சின்னமும் பொறித்துக் கேட்கின்றனர். நெய்வதும் தைப்பதும் நம்மவர்க்குக் கைவந்த தொழில்கள். அச்சிடும்போதுதான் சரக்கு வீணாகிறது. இதற்குப் பேஸ்ட் சரியில்லை, எமல்ஷன் சரியில்லை, ஆள் சரியில்லை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. நாம் சங்கங்களைப் பார்வையிட்ட வரையில், இக்குறைகளுட் பெரும்பாலானவை ஸ்கிரீன் தயாராவதற்கு முன்பே, பாசிட்டிவ் என்னும் பிலிமில் தொடங்குகின்றன. ஆகவே அதனைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் பயனுடையதெனக் கருதுகிறோம்.

ஸ்கிரீன் அச்சின் அடிப்படை எளியது. சட்டத்தில் இறுக்கிக் கட்டிய வலைத்துணியின் மேல் எமல்ஷனைப் பூசி, இருட்டில் உலர்த்துகிறார்கள். அதன்மேல் பாசிட்டிவை வைத்து ஒளி காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகிக் கெட்டியாகிறது. கறுப்பு மறைத்த இடம் இறுகாமல் நின்று, தண்ணீர் விட்டுக் கழுவும்போது கரைந்து போகிறது. அவ்வாறு திறந்த வழியே ஸ்குவீஜியால் பேஸ்ட்டைத் தள்ளுகிறோம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துச் சாமுவேல் சைமன் என்பவர் 1907-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறையில் சட்டத்தில் கட்டப்பட்டது பட்டுத்துணி. இன்று அவ்விடத்தில் பாலியெஸ்டர் வலை இருக்கிறது. வலை மாறினும் வேலை மாறவில்லை.

முன்னாளில் பாசிட்டிவைக் கறுப்பு மையால் கையாலேயே வரைந்தனர். பின்னர்க் கேமராவில் படம் பிடித்து, இருட்டறையில் மருந்தில் கழுவியெடுக்கும் வெள்ளி உப்புப் பிலிம் வந்தது. அதன் கறுப்புக்கு நிகராக இன்றும் ஒன்றைச் சொல்வது கடினம். ஆயினும் செலவும் மருந்தும் மிகுதியாதலால் அது பெரும்பாலும் வழக்கொழிந்தது. லேசர் இயந்திரத்தில் டிரேசிங் பேப்பரில் எடுத்துக்கொள்ளும் வழக்கம் சிறு பட்டறைகளில் இன்னும் உண்டு. அது மலிவானதே. ஆனால் லேசரின் சூட்டில் தாள் சிறிது சுருங்குகிறது, ஈரக்காற்றில் நீளுகிறது. ஒரே நிற வேலைக்கு அதனால் பெருங்கேடு இல்லை. இரண்டு, மூன்று நிறங்களை ஒன்றன்மேலொன்று பொருத்த வேண்டுமானால் ஓரங்கள் ஒத்துவாரா. தவிரவும் லேசர்த் தூளின் கறுப்பை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தால் ஊசித் துளைகள் தெரியும். இக்காரணங்களாலேயே இன்க்ஜெட் இயந்திரமும், அதற்கென மேற்பூச்சிட்ட பாலியெஸ்டர் பிலிமும் இத்தொழிலில் நிலைபெற்றன.

பாசிட்டிவின் குணத்தை அறிவதில் நம்மவர் செய்யும் தவறு, கண்ணை நம்புவது. எமல்ஷனை இறுகச் செய்வது நாம் காணும் வெளிச்சமன்று. பெரும்பாலும் புறஊதாக் கதிரும், அதனை அடுத்த ஊதா ஒளியுமே. கண்ணுக்குக் கன்னங்கரேலென்று தோன்றும் மை அக்கதிரைக் கசிய விடலாம். கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும் படலம் அதனை முற்றும் தடுக்கலாம். கையால் வெட்டி ஒட்டும் சிவப்புப் படலத்தை அக்காலத்தில் பாசிட்டிவாகப் பயன்படுத்தியது இதனாலேயே.

மறைக்கும் திறனை அடர்த்தி என்னும் எண்ணால் அளப்பார்கள். அடர்த்தி 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளி ஊடுருவும்; 2 என்றால் நூறில் ஒரு பங்கு; 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து நிமிடம் ஒளி காட்டும் ஸ்கிரீனை எடுத்துக்கொள்வோம். அடர்த்தி 1 உள்ள எழுத்தின் கீழ் எமல்ஷனுக்கு முழு ஒரு நிமிட ஒளி கிடைத்துவிடுகிறது. அடர்த்தி 2 ஆயின் 6 விநாடி; 3 ஆயின் ஒரு விநாடிக்கும் குறைவு. புறஊதாக் கதிருக்கு 3-ஐ ஒட்டிய அடர்த்தி கிடைப்பின் அது நல்ல பாசிட்டிவ். அத்துடன் எழுத்தில்லாத வெறும் பிலிம் தெளிவாக இருக்க வேண்டும். அது மங்கலாயிருப்பின் இறுக வேண்டிய இடத்துக்கும் ஒளி குறைந்துவிடும்.

பாசிட்டிவ் கசிந்தால் வரும் நஷ்டம் நேராக வருவதில்லை, சுற்றி வருகிறது. முதலில், கழுவும்போது எழுத்து திறப்பதில்லை. தொழிலாளி தண்ணீரை வேகமாக அடித்துப் பார்க்கிறார். அடுத்த முறை ஒளி காட்டும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கிறார். இப்போது எழுத்து அழகாகத் திறக்கிறது, எல்லோருக்கும் திருப்தி. ஆனால் ஒளி போதாமையால் எழுத்தைச் சுற்றியுள்ள எமல்ஷனும் அரைகுறையாகவே இறுகியிருக்கிறது. பருத்தித் துணிக்கு நாம் பயன்படுத்துவது தண்ணீர் கலந்த பிக்மென்ட் பேஸ்ட். அத்தண்ணீர் அரைகுறை எமல்ஷனை ஊறச்செய்து கொஞ்சங் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. சில நூறு பைகளுக்குப் பின் ஓரங்கள் சிதைந்து, வேண்டாத இடங்களில் பொட்டுப் பொட்டாகப் பேஸ்ட் இறங்குகிறது. அச்சான துணியைத் திரும்ப வெள்ளைத் துணியாக்க இயலாது.

ஒரு சங்கத்தில் இவ்வாறே ஒரு கல்யாண ஆர்டர் பாதியில் கெட்டு, எமல்ஷன் விற்றவர்க்குப் பணம் கொடுக்கலாகாதென்று நிர்வாகக் குழு தீர்மானம் போடும் நிலையில் இருந்தது. அதே எமல்ஷன் பூசிய ஒரு சிறு சட்டத்தில் சந்தேகத்துக்குரிய பாசிட்டிவையும், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்து, முழு நேரம் ஒளி காட்டச் சொன்னோம். கழுவியபோது நாணயம் இருந்த வட்டம் சுத்தமாகத் திறந்தது, எழுத்து திறக்கவில்லை. நாணயத்தின் வழியே ஒளி புகாது. ஆகவே எமல்ஷனில் பழுதில்லை, பிலிமில்தான் என்பது அங்கிருந்த எல்லோர்க்கும் விளங்கிற்று. விற்றவர்க்கும் பணம் போய்ச் சேர்ந்தது. கருவி ஏதுமின்றிச் செய்யக்கூடிய இச்சோதனையைப் புதிய மை அல்லது புதிய பிலிம் வாங்குந்தோறும் செய்தல் நலம். முழு நேரம் எதுவென்று அறிய, ஒரு கறுப்பு அட்டையால் மூடி, நிமிடத்துக்கு ஒரு பட்டையாக விலக்கிக்கொண்டு வந்து, பின் கழுவிப் பார்க்க வேண்டும். சட்டத்தின் உட்புறத்தை விரலால் தடவினால் எந்தப் பட்டையில் வழவழப்பு நின்றுபோகிறதோ அதுவே உரிய நேரம். வெயிலில் காட்டுவோர் காலை வெயிலுக்கும் உச்சி வெயிலுக்கும் தனித்தனியே இதனைப் பார்க்க வேண்டும். மேகம் வந்தால் அந்தக் கணக்கும் போயிற்று. குழல் விளக்குப் பெட்டி ஒன்று செய்துகொள்வதே மேல்.

இனி இயந்திரம். இன்க்ஜெட்டில் இருவகை உண்டு. ஒன்றில் மையைக் கணநேரம் சூடாக்கி, அதில் எழும் குமிழியால் துளி தெறிக்கிறது, கேனன், எச்.பி. நிறுவனங்களின் இயந்திரங்கள் பல இவ்வகையின. மற்றொன்றில் மின்சாரம் பாயும்போது வளையும் சிறு படிகத் தகடு துளியைத் தள்ளுகிறது. எப்சன் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட ஸ்டைலஸ் 800 முதல் இம்முறையைக் கைக்கொண்டிருக்கிறது. சூடில்லாமையால் இரண்டாம் வகை பலதரப்பட்ட மைகளை ஏற்கும். பாசிட்டிவுக்கென எழுதப்பட்ட மென்பொருள்களும் பெரும்பாலும் இவ்வகையை மனத்திற்கொண்டே அமைந்துள்ளன. ஆகவே நமது சிபாரிசும் இதற்கே. ஆனால் இதன் தலைப்பகுதி அடைத்துக்கொண்டால் மாற்றும் செலவு அதிகம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அளவைப் பொறுத்தவரை, ஏ4 தாள் மட்டும் ஏற்கும் இயந்திரத்தை வாங்கிப் பின்னர் இரண்டு துண்டுகளை ஒட்டி அவதிப்படுவதைப் பார்த்திருக்கிறோம். சாதாரணக் கடைப் பைக்கு 13 அங்குலத்துக்கு 19 அங்குலம் ஏற்கும் இயந்திரம் போதும். போர்வைக் கரை, மேஜை விரிப்பு போன்றவற்றுக்கு 24 அங்குலச் சுருள் பிலிம் ஏற்கும் பெரிய இயந்திரம் தேவைப்படும். அதனைத் தனிச் சங்கம் வாங்குவது பெரும்பாலும் வீண். பிலிம் பின்புறத்திலிருந்து நேராக உட்செல்லும் அமைப்பு, வளைந்து செல்லும் தட்டைவிட நல்லது. சில இயந்திரங்கள் ஒளி ஊடுருவும் பிலிமைத் தாளென்று உணராமல் வெளியே தள்ளும். முன் விளிம்பில் ஒரு காகிதக் கீற்றை ஒட்டி அனுப்பினால் அது தீரும்.

மையில் டை, பிக்மென்ட் என இருவகை. டை மை தண்ணீரில் கரைந்த சாயம். பிலிமின் மேற்பூச்சுக்குள் இறங்கி விரைவில் உலரும். கறுப்பு சீராக விழும். நெசவாளர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை: எல்லாக் கறுப்புச் சாயமும் ஒன்றன்று. சில நன்கு தடுக்கும். மலிவான நிரப்பு மைகளிற் சில கண்ணுக்கு மட்டும் கறுப்பு. பிக்மென்ட் மையில் இருப்பது கரையாத கரித்துகள். அது கதிரைத் தடுப்பதில் சிறந்தது. ஆனால் பிலிமின் மேலேயே தங்குவதால், பொருந்தாத பிலிமாயின் உலரத் தாமதமாகும், உரசினால் பெயரும். நல்ல டை மையும் அதற்கேற்ற பிலிமும் கிடைக்குமாயின் தொடக்கத்தில் அதுவே போதுமென்பது நமது அபிப்பிராயம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கறுப்புக்குப் பிக்மென்டும் மற்ற நிறங்களுக்கு டையும் வைத்த இயந்திரங்கள் பலவற்றில், தாள் வகையைப் பளபளப்பான போட்டோத் தாள் என்று குறித்தால், இயந்திரம் கறுப்பு மையை விட்டுவிட்டு மூன்று நிறங்களைக் கலந்து கறுப்பாக்கும். சாதாரணத் தாள் என்று குறித்தால் கறுப்பு மட்டும் வரும். ஆனால் மை குறைவாக விழலாம். இரண்டையும் எடுத்து, மேற்சொன்ன நாணயச் சோதனையால் தீர்மானிப்பதே வழி. எல்லாத் தொட்டிகளிலும் கறுப்பையே ஊற்றிக்கொள்வோரும் உளர். அதற்கேற்ற மென்பொருள் இருந்தால் அது மிக நல்ல கறுப்பைத் தரும். ஆனால் அவ்வியந்திரம் வேறு நிற வேலைக்கு உதவாது. உத்தரவாதத்தின் கதியையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரிப் எனப்படும் அந்த மென்பொருள், விழும் மையின் அளவைக் கட்டுப்படுத்துவதோடு, நிழலும் வெளிச்சமுமுள்ள படங்களை ஒழுங்கான புள்ளிகளாகப் பிரித்துக் கொடுக்கும். கோவிற் கோபுரம், பழக்குலை போன்ற படங்களை அச்சிடும் சங்கத்துக்கு அது வேண்டும். அப்போதும் வலையின் நூல் கணக்கு, அங்குலத்துக்குள்ள புள்ளி வரிசையைப் போல் நான்கு மடங்கேனும் இருக்க வேண்டும். 120 மெஷ்ஷில் 30 வரிசைக்கு மேல் ஆசைப்படலாகாது. எழுத்தும் கோட்டுச் சித்திரமும் மட்டுமே அச்சிடுவோர்க்கு ரிப் இன்றியமையாததன்று. பணத்தை அதில் போடுவதைவிட நல்ல பிலிமில் போடலாம்.

பிலிமில் பார்க்க வேண்டியது மேற்பூச்சு. பூச்சில்லாத வெறும் பிலிமில் மை முத்து முத்தாக நிற்கும். நுண்துளைப் பூச்சுள்ளது மையை உடனே உறிஞ்சும். ஈரக்கை பட்டாலும் எளிதில் கலையாது. இதையே வாங்கத்தக்கது என்போம். கனம் 100 மைக்ரான் அளவில் இருப்பின் மடங்காமல் உட்செல்லும். பூசிய பக்கம் எதுவென்று ஐயமேற்பட்டால், சற்று ஈரமான விரலால் மூலையைத் தொட்டுப் பார்க்கலாம். ஒட்டும் பக்கமே அது. இன்க்ஜெட் பிலிமை லேசர் இயந்திரத்தில் ஒருபோதும் விடலாகாது. பூச்சு உருகி உருளையைக் கெடுத்துவிடும்.

அச்சான பிலிமின் மைப்பக்கம் எமல்ஷனோடு ஒட்டியிருக்க வேண்டும். அதாவது சட்டத்தின் வெளிப்புறத்தில் மைப்பக்கத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இவ்வாறு வைத்தால் கணினியில் எழுத்தைத் திருப்பிப் போட வேண்டிய அவசியமில்லை. மாற்றி வைத்தால் எழுத்து இடம் வலமாவதோடு, பிலிமின் கனத்தின் வழியே ஒளி பக்கவாட்டில் நுழைந்து மெல்லிய பகுதிகளை மூடிவிடும். தமிழ் எழுத்துக்கு இது பெரிய ஆபத்து. முதலில் மூடுவது மெய்யெழுத்தின் புள்ளி. அடுத்து ண, ன, ஞ முதலியவற்றின் சுழி. பையில் சங்கத்தின் பெயரே வேறு சொல்லாகிவிட்டால் வாங்கியவர் சிரிப்பார், பணம் தரமாட்டார். ஆகையால் சிறிய எழுத்தில் தொலைபேசி எண், ஊர்ப் பெயர் முதலியன போடச் சொல்வோரிடம், புள்ளி நிற்குமளவு எழுத்தைப் பெரிதாக்கச் சம்மதம் பெற்றுக்கொள்ள வேண்டும். வடிவமைத்த கணினியில் உள்ள எழுத்துரு அச்சிடும் கணினியில் இல்லாவிடில் 'கொ' 'கோ' முதலியன சிதறிப் போகும். எழுத்துகளை வெறும் கோட்டுருவமாக மாற்றி அனுப்பும்படி வடிவமைப்பவரிடம் சொல்லிவிடுக.

சொந்தத்தில் இயந்திரம் வேண்டுமா என்பதை மாத ஆர்டரைக் கொண்டு பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு பாசிட்டிவ்கூட எடுக்காத சங்கம் வாங்கலாகாது. நமது கோடையில் ஓய்ந்து கிடக்கும் இயந்திரத்தின் மைத்துளைகள் உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அதைத் திறக்க மீண்டும் மீண்டும் சுத்தம் செய்தால் மை செலவாவதோடு, கழிவு மையை ஏற்கும் பஞ்சும் நிரம்பி இயந்திரம் நின்றுவிடும். இத்தகைய சங்கங்கள் வெளியே எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் பில்லோடு ஒரு சோதனைத் துண்டும் கேட்டு வாங்கட்டும். அருகருகேயுள்ள நான்கைந்து சங்கங்கள் கூடி, ஒரு சங்கத்தில் இயந்திரத்தை வைத்து, பிலிமின் அளவுக்கேற்பக் கட்டணம் பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. விலைப்புள்ளி கேட்கும்போது இயந்திரத்தின் விலையை மட்டும் ஒப்பிடாமல், ஒரு லிட்டர் மை, நூறு தாள் பிலிம், தலைப்பகுதி மாற்றும் செலவு ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதிக் கேட்க வேண்டும்.

இயந்திரம் வந்த பின் பொறுப்பை ஒருவரிடமே ஒப்படைத்து, வேலை இல்லாவிடினும் இரண்டு நாளைக்கொரு முறை துளைச் சோதனைத் தாளை எடுக்கச் செய்க. பொங்கல், தீபாவளி விடுமுறைகளிலும் இது தவறலாகாது. மின்சாரத்தைச் சுவரிலுள்ள சுவிட்சில் நிறுத்தாமல் இயந்திரத்தின் பொத்தானாலேயே நிறுத்தினால்தான் தலைப்பகுதி தன் மூடியில் போய் அமரும். பிரித்த பிலிம் கட்டைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு ஒட்டி, சாயப்பட்டறையின் ஈரம் எட்டாத அலமாரியில் வைக்க வேண்டும். முடிந்த பாசிட்டிவ்களை இடையே தாள் வைத்து உறையிலிட்டு, ஆர்டர் எண்ணையும் ஒளி காட்டிய நிமிடத்தையும் உறையின் மேல் எழுதி, சரக்குப் பதிவேட்டில் வரவு வைத்துக்கொள்க.