ஆறும் இதயம், ஓயாத அடுப்படி

காய்ச்சல் விட்டுப் பத்து நாள் ஆகிறது. நெஞ்சில் ஒரு குத்தல். மல்லாந்து படுத்தால் கூடுகிறது. எழுந்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறைகிறது. நம் வீடுகளில் இதற்குப் பெயர் ‘கேஸ்’. ஓமத் தண்ணீர் குடித்தாகிவிட்டது, சோடாவும் குடித்தாகிவிட்டது. மூன்றாம் நாள் ஈ.சி.ஜி. எடுக்கப் போன இடத்தில்தான், இது வாயு அல்ல, இதயத்தில் அழற்சி என்று தெரியவருகிறது.

அடைப்பு இல்லாத நெஞ்சுவலி

மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபடுகிறது. இதய அழற்சியில் குழாய் சரியாகவே இருக்கும்; இதயத்தின் தசையோ, அதைச் சுற்றியுள்ள உறையோ வீங்கிப் புண்பட்டிருக்கும். தசையில் வந்தால் மயோகார்டைட்டிஸ், உறையில் வந்தால் பெரிகார்டைட்டிஸ். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். எது மாரடைப்பு, எது அழற்சி என்று வீட்டில் உட்கார்ந்து பிரிக்க முடியாது. ஈ.சி.ஜி., ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, எக்கோ, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எல்லாம் பார்த்துத்தான் மருத்துவர் சொல்வார்.

பெரும்பாலும் காரணம் ஏதோ ஒரு வைரஸ். புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் பக்கம் டெங்குவையும் ஸ்க்ரப் டைபஸையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஸ்க்ரப் டைபஸ், புதரில் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடித்து வருவது. அக்குளிலோ தொடையிடுக்கிலோ வலியில்லாத கருப்புப் பொருக்கு ஒன்று இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உறை அழற்சிக்கு நம் நாட்டில் காசநோயும் ஒரு முக்கியக் காரணம்.

நீந்திய எலிகள்

1970இல் வெளியான ஓர் ஆய்வில், காக்சாக்கி வைரஸ் தொற்றிய எலிகளில் ஒரு பகுதியை நீந்த வைத்தார்கள். மற்றவற்றைச் சும்மா விட்டார்கள். நீந்தியவற்றின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியது, அவையே அதிகம் செத்தன. புண்பட்ட தசையை விரட்டி வேலை வாங்கினால் புண் பெரிதாகும். துடிப்பின் ஒழுங்கும் குலையலாம். இளம் விளையாட்டு வீரர்கள் மைதானத்திலேயே சுருண்டு விழுந்து இறப்பதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

பேயர்ன் மியூனிக் கால்பந்து அணியின் அல்போன்சோ டேவிஸுக்கு 2022 ஜனவரியில், கோவிட் வந்துபோன பிறகு, லேசான இதயத் தசை அழற்சி இருப்பது தெரிந்தது. வயது 21. ஏப்ரலில்தான் மறுபடி ஆட வந்தார். கடும் உழைப்பும் விளையாட்டும் 3 முதல் 6 மாதம் கூடாது என்பது நெடுநாளைய வழக்கம். 2025இல் வந்த ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் வழிகாட்டி அதைத் தளர்த்தி, குறைந்தது ஒரு மாதம், அதற்குமேல் பரிசோதனை முடிவைப் பார்த்து என்கிறது. யாருக்கு எத்தனை நாள் என்பதை எக்கோ பார்த்த மருத்துவர் சொல்லட்டும்.

‘வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்’

டேவிஸுக்குச் சமைக்க, துவைக்க ஆள் இருந்திருக்கும். நம் ஊரில் மருத்துவர் “ரெஸ்ட் எடும்மா” என்பார். வீடு வந்ததும் அந்த அம்மா உலை வைப்பார். கட்டு இல்லை, தையல் இல்லை, காய்ச்சலும் இல்லை. பார்வைக்கு நோயாளியாகத் தெரியாததுதான் இந்த நோயின் பெரிய சிக்கல்.

வேலைகளை எடை போட்டுப் பாருங்கள். சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய 30. தண்ணீர் கேன் 20 லிட்டர். இரண்டு வயதுக் குழந்தை பத்துப் பன்னிரண்டு கிலோ. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவது சின்ன வேலையல்ல. ஈரப் போர்வை பிழிவது, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போடுவது, பெரிய மார்க்கெட்டிலிருந்து இரண்டு கையிலும் பை தூக்கி வருவது, இதெல்லாம் மூச்சை அடக்கிச் செய்கிற வேலைகள். முதல் வாரங்களில் ஒன்றுகூட வேண்டாம். உட்கார்ந்தபடி கீரை ஆயலாம், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். குழந்தையைத் தூக்குவதற்குப் பதில், பாயில் உட்கார்ந்து மடியில் ஏறிக்கொள்ளச் சொல்லலாம்; அதுவே ஒரு வாரத்தில் பழகிவிடும்.

மருத்துவரைப் பார்க்கும்போது கணவரோ மாமியாரோ உள்ளே வரட்டும். எதைச் செய்யக்கூடாது என்பதை அவர்கள் காதாலேயே கேட்டால், பிறகு வீட்டில் வாதம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி எதுவானாலும் சீட்டு வாங்கும் வரிசையில் உறவினர் நிற்கட்டும், நோயாளி உட்காரட்டும்.

ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக நலம் விசாரிக்க வருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் அன்புக்குக் குறைவில்லை; ஆனால் வந்தவருக்குக் காபி போட எழுந்திருப்பவர் நோயாளியாகவே இருக்கிறார். உதவ நினைப்பவர் ஒரு தூக்கில் சாம்பார் கொண்டுவரலாம், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவரலாம்.

மாத்திரையில் ஒரு செங்காந்தள்

உறை அழற்சிக்கு ஆஸ்பிரின் அல்லது இபுபுரூஃபனோடு கோல்சிசின் மாத்திரை தருவார்கள், பெரும்பாலும் மூன்று மாதம். வலி போனதும் நிறுத்திவிட்டால் நோய் திரும்பும். இதே வேதிப்பொருள் நம் செங்காந்தளில், அதாவது கண்வலிக் கிழங்கில் இருக்கிறது. மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அதற்காகக் கிழங்கை வாயில் வைத்துவிட வேண்டாம், உயிரை எடுக்கும் நஞ்சு அது. தசை அழற்சி மட்டும் உள்ளவர்களுக்கு இந்த வலி மாத்திரைகள் கெடுதல் செய்யலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

மது வேண்டாம்; மலிவாகக் கிடைக்கிற ஊரில் இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. இதயம் பலவீனமாகியிருந்தால் கருவாடு, ஊறுகாய், அப்பளமும் கொஞ்ச காலம் ஒதுங்கட்டும். தினம் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மயக்கம், கடும் நெஞ்சுவலி என்றால் 108.

முதல் நடை

வில்லியனூர் தேருக்கு வடம் பிடிப்பது, வேளாங்கண்ணிக்கு நடப்பது, உண்ணா நோன்பு எல்லாம் இந்த வருடம் இல்லை. நடக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு புதுச்சேரிக் கடற்கரைச் சாலை நல்ல இடம்: மேடு பள்ளம் கிடையாது, மாலை 6 மணிக்கு மேல் வண்டியும் வராது. முதல் நாள் ஐந்து நிமிடம். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பேச்சு தடைபட்டால் உட்கார்ந்துவிடுங்கள். காந்தி சிலை வரை போய்விட்டோம் என்று மகிழும்முன் ஒரு கணக்கு: அந்த நேரத்தில் சாலைக்குள் ஆட்டோவும் வராது, பக்கத்துத் தெரு வரை நடந்தாக வேண்டும்.