ஆடாத ஆட்டக்காரருக்கு ஐந்தாண்டு ஊதியம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்) மாணவன்

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்வாக்கைச் சட்டமாகவே எழுதி வைத்துக்கொண்டு நடத்தப்படும் விளையாட்டு ஒன்று உண்டென்றால், அது அமெரிக்க நாட்டின் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டமே ஆகும். நம் கல்லூரித் திடலில் மாலை வேளையில் கூடைப்பந்து ஆடும் நண்பர்கள் என்.பி.ஏ. வீரர்களின் பெயர்களை நன்கறிவர். ஆனால், ஆட்டத்திற்குப் பின்னால் இருக்கும் கணக்கு ஆட்டத்தைவிடச் சுவையானது. கணிதம் பயிலும் மாணவன் என்ற முறையில் ஒரே ஒரு வீரர் பரிமாற்றத்தை எடுத்துக்கொண்டு அக்கணக்கை விளக்க முற்படுகிறேன்.

வரம்பு என்பது என்ன?

செல்வம் மிகுந்த அணியே சிறந்த வீரர்கள் அனைவரையும் வாங்கிவிட்டால் போட்டி என்பது பெயரளவில்தான் இருக்கும். இதனைத் தடுக்க, 1984-85 பருவத்தில் என்.பி.ஏ. ஊதிய வரம்பைக் கொண்டு வந்தது. அன்று ஓர் அணிக்கு வரம்பு 36 லட்சம் டாலர். 2024-25இல் அது சுமார் 14.06 கோடி டாலர். 2025-26இல் சுமார் 15.46 கோடி டாலர்.

இவ்வரம்பு கல்சுவர் அன்று; வேலி போன்றது. தன்னிடம் ஏற்கெனவே உள்ள வீரரைத் தக்கவைத்துக்கொள்ள ஓர் அணி வேலியைத் தாண்டலாம். ஏறத்தாழச் சமமான ஊதியமுள்ள வீரர்களை வேறோர் அணியுடன் மாற்றிக்கொள்ளவும் தாண்டலாம். ஆனால், வேலிக்கு அப்பால் வேறு கோடுகள் உள்ளன. முதலாவது வரிக்கோடு. அதைத் தாண்டினால் என்.பி.ஏ.வுக்கு வரி கட்ட வேண்டும். அதற்கும் மேலே ‘ஏப்ரன்’ எனப்படும் இரண்டு கோடுகள். 2023ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் புகுத்தப்பட்ட இரண்டாம் ஏப்ரன் மிகக் கடுமையானது. அதைத் தாண்டிய அணி இரு வீரர்களின் ஊதியத்தைச் சேர்த்துக் காட்டி ஒரு பெரிய வீரரைப் பெற முடியாது. பரிமாற்றத்தில் பணம் கொடுக்க முடியாது. ஏழாண்டுக்குப் பின் வரும் முதற்சுற்றுப் புதுவீரர் தேர்வுரிமையையும் விற்க முடியாது. பணம் படைத்தவர் வரியைக் கட்டிவிட்டுப் போகலாம். கை கட்டப்பட்டால் என்ன செய்வது?

பரிமாற்றம்

2023 ஜூன் மாதம் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணி, வாஷிங்டன் விசார்ட்ஸ் அணியிலிருந்து பிராட்லி பீல் என்னும் வீரரைப் பெற்றது. கிறிஸ் பால், லேண்ட்ரி ஷாமெட் ஆகிய இருவரையும், பல இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமைகளையும், முதற்சுற்றுத் தேர்வுரிமைகளை மாற்றிக்கொள்ளும் உரிமைகளையும் ஈடாகக் கொடுத்தது. பீல் சாதாரண வீரர் அல்லர். 2019-20, 2020-21 ஆகிய இரு பருவங்களிலும் ஆட்டத்திற்குச் சராசரி 30 புள்ளிகளுக்கு மேல் எடுத்தவர். கெவின் டுரான்ட், டெவின் புக்கர் ஆகியோருடன் இவரும் சேர்ந்தால் கோப்பை உறுதி என்று அணியினர் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால், வீரரோடு அவருடைய ஒப்பந்தமும் வந்தது. ஐந்தாண்டுக்குச் சுமார் 25.1 கோடி டாலர். முதலாண்டு 4.33 கோடி, பிறகு ஆண்டுதோறும் சுமார் 35 லட்சம் உயர்வு. நாம் படிக்கும் கூட்டுத்தொடர் வரிசைதான் இது! ஐந்தாம் ஆண்டில் அது 5.71 கோடியைத் தொடும். மேலும், தம் இசைவின்றித் தம்மை வேறு அணிக்கு மாற்றக் கூடாது என்ற விதியும் அதில் இருந்தது. அவ்விதியும் அவருடனேயே ஃபீனிக்ஸ் வந்து சேர்ந்தது.

கொடுத்ததையும் பார்க்க வேண்டும். பாலின் 2023-24 ஊதியமான 3.08 கோடியில் 1.58 கோடி மட்டுமே உறுதி செய்யப்பட்டிருந்தது. அத்தொகையோடு கணக்கை முடித்துக்கொள்ளும் வாய்ப்பு ஃபீனிக்சுக்கு இருந்தது. முடியக்கூடிய ஒரு கணக்கைக் கொடுத்து, முடியாத ஒரு கணக்கை அது வாங்கிக்கொண்டது.

விளைவு

2024-25 பருவத்தில் டுரான்ட் 5.12 கோடி, புக்கர் 4.92 கோடி, பீல் 5.02 கோடி. மூவரின் கூட்டுத்தொகை 15.06 கோடி. அணி முழுமைக்குமான வரம்போ 14.06 கோடி! பதினைந்து பேர் அமர வேண்டிய பந்தியில் மூவரே இலை போட்டுச் சாப்பிட்டு முடித்துவிட்டனர். இரண்டாம் ஏப்ரன் கோட்டையும் அணி தாண்டியது. வரி மட்டும் சுமார் 15 கோடி டாலர். பலன்? 2024இல் முதற்சுற்றிலேயே மினசோட்டாவிடம் 0-4 என்று தோல்வி. 2025இல் 36 வெற்றி, 46 தோல்வி; அடுத்த கட்டத்திற்கே நுழையவில்லை. பீல் இரு பருவங்களிலும் 53 ஆட்டங்கள் வீதம்தான் ஆட முடிந்தது.

அவரை மாற்றவும் வழியில்லை. எனவே 2025 ஜூலையில், எஞ்சிய இரண்டாண்டு ஊதியமான 11.08 கோடியில் அவர் சுமார் 1.39 கோடியை விட்டுக்கொடுக்க, மீதி 9.69 கோடியைத் தருவதாக ஒப்புக்கொண்டு அணி அவரை விடுவித்தது. அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் அணியில் சேர்ந்தார்.

இங்கேதான் கணிதம் வருகிறது. விடுவிக்கப்பட்டவரின் ஊதியத்தை நீட்டிக் கொடுக்கலாம் என்பது விதி. எஞ்சிய ஆண்டுகளை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும்: 2 × 2 + 1 = 5. ஆகவே 9.69 ÷ 5 = சுமார் 1.94 கோடி டாலர், 2029-30 வரை ஆண்டுதோறும் ஃபீனிக்சின் கணக்கில் நிற்கும். 1.39 கோடியை அவர் ஏன் விட்டுக்கொடுக்க நேர்ந்தது? இவ்வாறு நீட்டிய தொகைகளின் கூட்டு, வரம்பில் 15 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது. 15.46 கோடியில் 15 விழுக்காடு 2.32 கோடி. முன்பே நீட்டிய வேறு இருவரின் ஊதியம் 38 லட்சம் போக மீதி 1.94 கோடி. கணக்கு நூல் பிடித்தாற்போல் பொருந்துவதைக் காண்க!

இதனை நெசவுத் தொழிலாளியான என் தந்தையாரிடம் கூறினேன். “ஆடாத ஆளுக்கு எதுக்குப்பா கூலி?” என்று கேட்டார். சற்று யோசித்தபின், “தவணையைக் குறைச்சுட்டு வருஷத்தைக் கூட்டிட்டாங்க. நம்ம தறிக் கடன் மாதிரிதான்” என்று தாமே விடையும் சொன்னார். இதைவிடத் தெளிவாக நான் எழுத இயலாது.

1.94 கோடி என்பது எவ்வளவு? 2025-26இல் குறைந்தபட்ச ஊதியத்தில் வரும் அனுபவ வீரர் ஒருவர் கணக்கில் சுமார் 23 லட்சம் டாலராக வைக்கப்படுகிறார். ஆக, எட்டு வீரர்களுக்குரிய இடத்தை, திடலில் இல்லாத ஒருவரின் பெயர் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனினும், இம்முடிவால் அணி வரிக்கோட்டிற்குக் கீழே இறங்கியது. கட்டப்பட்ட கைகள் அவிழ்ந்தன. வரம்பு உயர உயரச் சுமையும் இலேசாகும். ஆண்டுக்கு 7 விழுக்காடு உயர்வதாகக் கொண்டால், முதலாண்டில் வரம்பில் 12.5 விழுக்காடாக இருக்கும் இத்தொகை, ஐந்தாம் ஆண்டில் 9.6 விழுக்காடாகிவிடும். நீட்டுதல் கடனை ஒழிப்பதில்லை, தாங்கக்கூடியதாக மாற்றுகிறது.

நமக்கு

இரண்டு பருவம் ஆடிய ஒருவருக்காக ஏழு பருவங்களின் கணக்கில் ஓரிடம் போயிற்று. வீரரைக் குறை கூறுவதற்கில்லை. எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் பெற்றார். கையெழுத்திடும் நாளில் முதலாண்டுத் தொகையை மட்டும் பாராமல், கடைசி ஆண்டுத் தொகையையும், வெளியேறும் வழியையும் பார்க்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நாளை வேலை கிடைத்ததும், எளிய தவணை என்று சொல்லிப் பலர் நம் வாசலுக்கு வருவர். அப்போது நம்மை எவரும் ஏமாற்றாதிருக்க, எத்தனை ஆண்டு, மொத்தம் எவ்வளவு என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்கும் துணிவு வேண்டும். கூட்டலும் பெருக்கலும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவன அல்ல, நண்பர்களே!