வெதுப்புக் கலன்கள்

வெதுப்புக் கலன்கள் என்பன கேக், ரொட்டி (பாண்), பிஸ்கட் முதலியவற்றைக் கனலடுப்பினுள் வைத்து வேகவைக்கப் பயன்படும் பாத்திரங்கள் ஆகும். பேச்சு வழக்கில் இவை கேக் டின், பேக்கிங் டிரே எனவும் அழைக்கப்படுகின்றன. அடுப்பின் வெப்பம் மாவை அடையும் விதத்தைக் கலனின் பொருள், நிறம், அளவு ஆகிய மூன்றும் மாற்றுகின்றன. எனவே ஒரு செய்முறையில் தரப்படும் வெப்பநிலையும் நேரமும் அது எழுதப்பட்ட கலனுக்கே சரியாகப் பொருந்தும்.

பொருள்

அலுமினியம்: இது துருப்பிடிக்காத எஃகைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். வெப்பம் சீராகப் பரவுவதால் கேக்கின் ஓரமும் நடுப்பகுதியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வேகும். வீட்டில் முதலில் வாங்கத் தக்கது மிக மெல்லியதாக இல்லாத அலுமினியக் கலனே ஆகும். எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்புப் பொருள்கள் பூச்சில்லாத அலுமினியத்துடன் வினைபுரியும்.

கண்ணாடி: இது மெதுவாகச் சூடேறி, சூட்டை நெடுநேரம் தக்கவைக்கும். ஆகவே உலோகக் கலனுக்கு எழுதப்பட்ட செய்முறையில் வெப்பநிலையை ஏறத்தாழ 15 °செ குறைப்பது வழக்கம். 1913 இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவன இயற்பியலாளர் ஜெஸ்ஸி லிட்டில்டனின் மனைவி பெஸ்ஸி, மின்கலங்களுக்கெனச் செய்யப்பட்ட கண்ணாடிச் சாடியின் அடிப்பகுதியில் கேக் செய்து பார்த்தார். இதன் தொடர்ச்சியாக 1915 இல் பைரெக்ஸ் கலன்கள் விற்பனைக்கு வந்தன.

சிலிக்கோன்: வளையக்கூடியது, கேக்கை எளிதாகப் பிரித்தெடுக்கலாம். ஆயினும் மேற்பகுதி போல் அடியும் ஓரமும் சிவக்கா. அடியில் ஒரு தட்டு வைத்தே தூக்க வேண்டும்.

நிறம்

கருநிறக் கலன்கள் வெப்பக் கதிர்களை அதிகம் உட்கவர்கின்றன. இதனால் உள்ளே வேகும் முன்னரே அடிப்பகுதி கருகக்கூடும். இவற்றில் வெப்பநிலையைச் சற்றுக் குறைத்து, குறித்த நேரத்திற்கு முன்பே வெந்துவிட்டதா எனப் பார்த்தல் நன்று. மொறுமொறுப்பான அடி தேவைப்படும் ரொட்டி, பீட்சா ஆகியவற்றுக்கு இதே இயல்பு நன்மையாகிறது.

அளவு

கலனை மாற்றும்போது விட்டத்தை அன்றி, பரப்பளவை ஒப்பிட வேண்டும்.

- 20 செ.மீ. வட்டக் கலன்: ஏறத்தாழ 314 ச.செ.மீ.
- 18 செ.மீ. சதுரக் கலன்: 324 ச.செ.மீ.
- 23 செ.மீ. வட்டக் கலன்: ஏறத்தாழ 415 ச.செ.மீ.
- 20 செ.மீ. சதுரக் கலன்: 400 ச.செ.மீ.

ஆகவே 20 செ.மீ. வட்டக் கலனுக்கு 18 செ.மீ. சதுரக் கலன் ஈடாகும், 20 செ.மீ. சதுரக் கலன் ஈடாகாது. கேக் மாவு பொங்கி எழுவதால் கலனில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையே நிரப்ப வேண்டும்.

நுண்ணலை அடுப்பு

வெப்பக்காற்று வசதியுள்ள நுண்ணலை அடுப்பில், வெப்பக்காற்று முறையில் மட்டுமே உலோகக் கலனைப் பயன்படுத்தலாம். நுண்ணலை முறையில் பயன்படுத்தினால் தீப்பொறி எழும். கலன் சுழல்தட்டைவிடச் சிறியதாகவும், சுற்றிலும் காற்று செல்ல இடமுள்ளதாகவும் இருத்தல் வேண்டும்.

பாதுகாப்பு

முதலில் வந்த பைரெக்ஸ் போரோசிலிக்கேட்டுக் கண்ணாடியால் ஆனது. இன்று விற்கப்படும் கண்ணாடிக் கலன்கள் பல, சூட்டில் அதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விரியும் சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடியால் ஆனவை. இவை உறுதியாக்கப்பட்டிருந்தாலும் திடீர் வெப்ப மாற்றத்தால் வெடித்துச் சிதறக்கூடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடிக் கலனை உடனே சூடான அடுப்பில் வைப்பதையும், சூடான கலனை ஈரமான மேடையில் வைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

ஒட்டாப் பூச்சாகப் பயன்படும் டெஃப்லான் 1938 இல் ராய் பிளங்கெட்டால் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 260 °செ வெப்பநிலைக்கு மேல் இது சிதையத் தொடங்குகிறது. அப்போது வெளிவரும் புகை மனிதருக்குத் தீங்கானது. வீட்டில் வளர்க்கும் பறவைகளைக் கொல்லக்கூடியது. ஆகவே இத்தகைய கலனை வெறுமையாகச் சூடாக்குதல் கூடாது. கத்தியால் கேக்கைக் கலனிலேயே வெட்டுவதும் பூச்சைச் சிதைக்கும்.